அடையாறு ஆஸ்பத்திரியும் வெளிநாட்டுக்காரர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவர்கள் குழு ஒன்றில் ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் புற்றுநோய் ஆராய்ச்சி என்ற பெயரில் தமிழ்நாட்டுப் பெண்களைச் சோதனை எலிகளாக ஆக்கினார்கள் என்று. கீழே வரிசையாகக் கோபமான முகங்கள். அதே நாள் எங்கள் குடும்பக் குழுவில், நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் நேர் எதிராக எழுதியிருந்தான்: "கேன்சர் விஷயத்துல நம்ம ஊர்ல என்ன சித்தி செஞ்சாங்க? எல்லாம் அமெரிக்கா போட்ட பிச்சை."

இரண்டையும் ஒரே காலைக் காப்பியோடு படித்தேன். முப்பத்தைந்து வருஷம் சரித்திரம் நடத்தியவளால் சும்மா இருக்க முடியுமா? உங்களுக்கெல்லாம்தான் தெரியுமே.

எனக்கு இது வெறும் சரித்திரமாகவும் இல்லை. 1979-ல் என் ஏழாம் வகுப்பில் சீனிவாசபுரத்துப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா கட்டுமரக்காரர். ஆடி மாதத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டான். திரும்பி வந்தபோது கையெல்லாம் நீலத் திட்டுகள். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து நானே விசாரித்தேன். ரத்தப் புற்றுநோய் என்று பிறகு தெரிந்தது. அவன் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று, "சீமைக்குக் கொண்டுபோனா பொழைச்சுக்குவானா டீச்சர்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தைக்கு முன்னால் போய்விட்டான்.

1988-ல் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அதே வியாதி. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷத்துக்கும் மேல் வைத்தியம். முடி கொட்டி, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்து அரையாண்டுப் பரீட்சை எழுதினாள். அவள் இந்தப் பதிவைப் படிப்பாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். போன வருஷம் அவள் மகள் கல்யாணத்துக்குப் போய் வந்தேன்.

ஒன்பது வருஷ இடைவெளி. நடுவில் என்ன நடந்தது? இதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பட்டினப்பாக்கம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அடையாறு கடலில் சேருவது தெரியும். கிரீன்வேஸ் சாலை வழியாகத் திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் காந்தி நகர். அங்கே கால்வாய்க்கரைச் சாலையில் ஆஸ்பத்திரி. அதன் ஆரம்பம் உங்களில் பலருக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அக்கா சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய டாக்டர்; அப்படியிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து மேற்படிப்புக்காக லண்டன் போனபோது, அங்கே புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இருப்பதையும், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்க முடிகிறது என்பதையும் பார்த்தார். அதைச் சென்னையில் உண்டாக்க அவருக்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆயிற்று. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு ஏன் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அன்றைக்கு ஆட்சியில் இருந்தவர்களிடமும் இருந்தது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு வேலை ஆரம்பமானது. முத்துலட்சுமி அம்மாவின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த நம் மயிலாப்பூர்ப் பெண் டாக்டர் சாந்தாவும்தான் தூண்கள். 1950-களின் கடைசியிலேயே கனடாவின் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி அங்கே வந்துவிட்டது. ஆசியாவுக்கு முதலில் வந்தவற்றில் ஒன்று அது. கனடாக்காரர்களே அதைக்கொண்டு முதல் நோயாளிக்கு வைத்தியம் செய்தது 1951-ல்தான் என்பதைப் பார்த்தால், நாம் ரொம்பப் பின்தங்கி இருக்கவில்லை.

கருவி வந்துவிடும். கப்பலில் ஏற்றினால் வந்துவிடும். ரத்தப் புற்றுநோய் அப்படிக் கருவியால் தீருகிற வியாதி இல்லை.

இங்கே அக்கா மகனுக்காக ஒரு கிளைக்கதை. பீமவரத்தில் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ் என்று ஒருவர். நம் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார், அதுவும் மூன்றாவது முயற்சியில். (தோல்வி அடைந்த பையன்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லாத வருஷம் இல்லை.) பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. மனுஷர் 1923-ல் பாஸ்டன் போனார். பிற்பாடு லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் குழு உருவாக்கிய அமினாப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ல் அவர் எழுதிய கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு வியாதி கொஞ்ச காலத்துக்குப் பின்வாங்கியது. மறுபடி வந்தது என்பதும் உண்மை. ஆனால் உலகத்தில் அதுவரை அந்த வியாதி எந்த மருந்துக்கும் அப்படிப் பின்வாங்கியதில்லை. அதன் தம்பி மருந்தான மெதோட்ரெக்ஸேட்டும் அதே குழுவிலிருந்து வந்ததுதான். 1988-ல் என் மாணவிக்கு முதுகுத்தண்டு வழியாக ஏற்றினார்களே, அது இதுதான். திருவல்லிக்கேணிப் பையனின் மருந்து பாஸ்டனைச் சுற்றிக்கொண்டு அடையாறுக்கு வந்திருக்கிறது. யார் யாருக்குப் பிச்சை போட்டார்கள், ராஜா?

அவளுக்கு ஏற்றிய இன்னொரு மருந்து வின்கிரிஸ்டின். நம் ஹவுசிங் போர்டு வீடுகளில் தகர டப்பாவில் நட்டு வைத்திருப்போமே, நித்தியகல்யாணி, அதிலிருந்து எடுப்பது. இந்தச் செடியில் புற்றுநோய் மருந்து இருக்கிறது என்பது 1950-களின் கடைசியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் தெரிய வந்தது. பிற்பாடு நம் தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிட்டு இலையும் வேருமாக ஏற்றுமதி செய்தோம். (வீட்டுச் செடியைப் பிடுங்கிக் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். விஷம்.)

சரி, மருந்து இருந்தது. அப்புறம் ஏன் 1979-ல் அந்தப் பையன் போனான்?

1970-களில் இந்தியாவின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலேயே இந்த வியாதி வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 20 பேர்கூடத் தேறவில்லை. அதே சமயம் அமெரிக்காவில் பாதிக்கு மேல் பிழைக்கத் தொடங்கியிருந்தார்கள். மருந்துகள் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே குழந்தைகள் வந்து சேர்வதே வியாதி முற்றிய பிறகு. மருந்து கொடுத்தால் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஒரு சாதாரணத் தொற்று வந்தாலும் உயிர் போய்விடும். ரத்தம் கிடைக்காது. ரெண்டு மாதம் ஆனதும் அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று பாதியில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்கெல்லாம் மேலே, ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு விதமாக வைத்தியம் செய்தால், எது பலித்தது எது பலிக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் இயன் மக்ராத் வருகிறார். பிறப்பால் ஆங்கிலேயர், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டாக்டர். 1970-களின் தொடக்கத்தில் உகாண்டாவின் கம்பாலாவில், இடி அமீன் காலத்தில், குழந்தைகளின் தாடையில் வருகிற ஒருவகைப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர். ஏழை நாட்டு ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவரும் மும்பை டாட்டா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், அடையாறு ஆகிய மூன்று இடத்து டாக்டர்களும் சேர்ந்து ஒரு பொதுவான வைத்திய முறையை வகுத்தார்கள். எம்.சி.பி. 841 என்று பெயர். 1984-ல் தொடங்கியது. மும்பையில் டாக்டர் சுரேஷ் அத்வானி (எட்டு வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே டாக்டரானவர்), சென்னையில் சாந்தா அம்மாவும் டாக்டர் சாகரும்.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஊரில் மூன்று சமையல்காரர்கள். அவரவர் கைப்பக்குவத்தில் சாம்பார் வைத்தால் ஏன் ஒன்று ருசிக்கிறது, ஒன்று ருசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் ஒரே அளவு, ஒரே நேரம் என்று ஒப்புக்கொண்டு செய்தால், தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். எம்.சி.பி. 841-ல் புது மருந்து எதுவும் கிடையாது. எந்த நாள், எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைப்பது, முடிவை மறைக்காமல் எண்ணுவது. அவ்வளவுதான். சுளுவாகச் சொல்லிவிட்டேன், ஆரம்ப வருஷங்களில் வியாதியைவிட மருந்தின் வேகத்தால் போன குழந்தைகளும் உண்டு. அவர்களையும் எண்ணினார்கள். எண்ணியதால்தான் தொற்றுக்கு எப்படிக் காவல் போடுவது என்று ஒவ்வொரு வருஷமும் கற்றுக்கொள்ள முடிந்தது.

பலன்? நூற்றுக்கு 20-க்கும் கீழே இருந்தது, நாலு வருஷக் கணக்கில் 45-லிருந்து 60 வரை உயர்ந்தது. 1990 முதல் 1997 வரை மூன்று மருத்துவமனைகளிலும் சேர்ந்து 1,048 பேரின் கணக்கு 2005-ல் ஒரு ஐரோப்பிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மேல்நாட்டு நூல்களில், குழந்தையின் வயதைப் பார்த்தாலே யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்று இருக்கும். நம் மூன்று மருத்துவமனைகளில் ஒன்றில்கூட அது பொருந்தவில்லை. நம் பிள்ளைகளின் வியாதியே கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கிறது. இதை பாஸ்டனில் உட்கார்ந்துகொண்டு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இங்கே இருந்தவர்கள் எழுதி வைத்ததால் அவர்களுக்கும் தெரிந்தது.

அதே 1984-ல்தான் அடையாறில் புற்றுநோய்க்கென்றே டி.எம்., எம்.சிஎச். பட்டப்படிப்புகள் ஆரம்பமாயின. இந்தியாவில் முதன்முதலாக. முத்துலட்சுமி அம்மா காலத்தில் இதைக் கற்றுக்கொள்ளக் கடல் தாண்டிப் போக வேண்டும். இப்போது காந்தி நகரில் படித்தவர்கள் எங்கெங்கோ புற்றுநோய்ப் பிரிவுகளை நடத்துகிறார்கள். மக்ராத்தும் பிற்பாடு பிரஸ்ஸல்ஸில் இருந்துகொண்டு, ஏழை நாட்டு மருத்துவமனைகளைப் புற்றுநோய் சிகிச்சையிலும் ஆராய்ச்சியிலும் பயிற்சியிலும் இணைக்கிற சர்வதேச வலையமைப்பு ஒன்றை உண்டாக்கினார். இந்தியாவில் பார்த்தது அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

இனி அந்த எலி விஷயம். இதைத் தட்டிக் கழிக்க மாட்டேன்.

வாட்ஸப் செய்தியில் குறிப்பிட்டது திண்டுக்கல் ஆய்வு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றியது. பிரான்ஸில் லியோன் நகரத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. 1965-ல் ஏற்பட்டது. அதற்கு விதை போட்டது, மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர். வல்லரசுகள் ராணுவச் செலவில் நூற்றுக்கு அரைப் பங்கை இதற்கு ஒதுக்கட்டும் என்று பிரெஞ்சுப் பிரமுகர்கள் 1963-ல் ஜனாதிபதி டிகாலுக்குக் கடிதம் எழுதினார்கள். அரைப் பங்கெல்லாம் யாரும் தரவில்லை. அமைப்பு மட்டும் வந்தது. தங்கையை இழந்த ஒரு அக்கா அடையாறில், மனைவியை இழந்த ஒருவர் பாரீஸில்.

அந்த லியோன் அமைப்பில் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்து போனவர். ஆக, இதில் "வெள்ளைக்காரன்" என்று யாரைச் சொல்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. பணம் கேட்ஸ் அறக்கட்டளையினுடையது, அது உண்மை. இங்கே அம்பிளிக்கை கிராமத்தின் கிறிஸ்தவ மருத்துவமனை, அடையாறு, கோவை பி.எஸ்.ஜி. எல்லாரும் சேர்ந்து 2000-ல் தொடங்கினார்கள்.

பரிசோதனை ரொம்ப எளிது. வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை நீர்க்கத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது. பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். ஆய்வகம் வேண்டாம், கரண்ட்டை நம்ப வேண்டாம். 30 முதல் 59 வயது வரை உள்ள 49,311 பெண்களுக்கு இந்த வாய்ப்பு இருந்தது. 31,343 பேர் வந்தார்கள். பக்கத்துப் பஞ்சாயத்துகளில் 30,958 பெண்களுக்கு வழக்கமாக என்ன கிடைக்குமோ அது மட்டும். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனைக்கு.

கேள்வி எழுவது அந்த 30,958 பேரைப் பற்றி. அவர்களில் 92 பேர் இந்த நோயில் இறந்தார்கள். பரிசோதிக்காமல் விட்டது நியாயமா என்று மருத்துவ அறம் பேசுகிறவர்கள் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். "வழக்கமாகக் கிடைப்பது" என்பதற்கு அந்த ஊர்களில் ஒன்றுமே கிடைக்காது என்றுதானே அர்த்தம்? ஒப்பிட்டுப் பார்க்காமல் நிரூபிக்க முடியாது, நிரூபிக்காமல் எந்த அரசும் பணம் ஒதுக்காது என்பது பதில். எனக்கு இந்தப் பதிலில் பாதி சம்மதம். இரண்டு மூன்று ராத்திரி யோசித்தும் மீதிப் பாதிக்குச் சம்மதம் வரவில்லை. ஆனால் எலி என்ற வார்த்தையை ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலி வேலையை விட்டுவிட்டு, கூச்சத்தையும் விட்டுவிட்டு வந்த 31,343 பெண்களுக்கு அது அவமரியாதை. பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்களுக்கு வைத்தியமும் செய்தார்கள். பிறகு தமிழ்நாடு அரசே தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் பார்த்து, மாநிலம் முழுக்க இந்தப் பரிசோதனையைக் கொண்டு போனது. இன்றைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். இந்தப் பதிவைப் படிக்கிற முப்பது வயது தாண்டிய என் பெண் பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேர் செய்துகொண்டிருக்கிறீர்கள்? கோபமான முகம் போடுவதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு உரிமையாகக் கேட்கிறேன் என்றால், என் நாத்தனாருக்கு இதே வியாதி. எங்களோடு இதே பட்டினப்பாக்கம் வீட்டில்தான் இருந்தார். 1990-ல் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட. ஒரே சமையலறையில் நின்றோம் நாங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது மூன்றாம் கட்டம். 1993 மார்கழியில் தவறிப்போனார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தோளில் பை, கையில் அட்டை, இருபத்தைந்து வயதுப் பையன். வேர்த்து ஊற்றுகிறது. நாத்தனார் பெயரைச் சொல்லி, "இந்த விலாசத்துல இருக்காங்களா மேடம்? நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து வருகிறானாம். உள்ளே என் மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், "போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, இப்பதான் வர்றீங்களா?" என்றேன். "தேதி மட்டும் சொல்லுங்க மேடம்" என்றான். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அந்தப் பதிவேடு என்ன என்று ரிட்டயரான பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1981-82-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் மும்பை, பெங்களூரு, சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடுகளை ஏற்பாடு செய்தது. சென்னைப் பதிவேடு அடையாறில். நம் ஊரில் புற்றுநோய் வந்தால் ஆஸ்பத்திரிகள் தாமாக யாருக்கும் அறிவிக்கிற பழக்கம் அப்போது இல்லை. அதனால் பதிவேட்டுக்காரர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் பார்த்து எழுதுவார்கள். மாநகராட்சியின் இறப்புக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பார்கள். அதிலும் தெரியாவிட்டால் கடிதம் போடுவார்கள், வீட்டைத் தேடிப் போவார்கள். அப்படிச் சேர்ந்த கணக்குதான் லியோனில் வெளிவரும், ஐந்து கண்டங்களின் புற்றுநோய்க் கணக்கு என்ற தொகுப்பில் சென்னை என்ற பெயரில் அச்சாகிறது. சென்னைப் பெண்களுக்கு 1980-களில் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்பதும், பிறகு அது குறைந்து மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டது என்பதும் அந்தப் பையன்கள் மொட்டை வெயிலில் நடந்த நடையால்தான் தெரியும். திண்டுக்கல்லில் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று சொல்ல முடிந்ததும், அங்கேயும் இப்படி ஒரு பதிவேடு இருந்ததால்தான்.

சாந்தா அம்மா 2021 ஜனவரி 19 அன்று 93 வயதில் காலமானார். கடைசி வரை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார். அன்றைக்குத் தொலைக்காட்சியில் எல்லாரும் அவர் வாங்கிய விருதுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தது. இப்போது அவனுக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். மே மாத வெயில், லிஃப்ட் கிடையாது, எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.